குமரிப் பாறையில் கூடிய கைகள்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோயில் எடுக்கத் துணிவோர் முதலிற் செய்வது நிலச் சோதனை. மண்ணின் நிறம் யாது, மணம் யாது, சுவை யாது என்று ஆராய்வர். ஒரு முழ ஆழத்திற்குக் குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்ப அதில் இட்டு நிரப்புவர். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நின்றால் மத்திமம், குறைந்தால் அதமம் என்று தீர்ப்பர். இவையெல்லாம் சிற்ப நூல்கள் விதித்த முறைகள். மண்ணே இல்லாத இடத்தில், நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் குடிக்க ஒரு சிறங்கை நீர் அகப்படாத இடத்தில், கல்லால் ஒரு மண்டபம் எழுப்ப வேண்டும் என்று வந்தால் எந்தச் சோதனையைச் செய்வது? குமரிமுனையில் அப்படி வந்தது. அதுவும் ஒரு முறையன்று, ஒரு நூற்றாண்டின் பிற்பாதியில் இரண்டு முறை வந்தது.

முக்கடலும் கூடும் அம்முனைக்கு எதிரே, கரையிலிருந்து சற்றேறக்குறைய ஐந்நூறு மீட்டர் தொலைவில், இரண்டு பாறைகள் அருகருகே தலை நீட்டி நிற்கின்றன. பெரிய பாறைக்கு ஸ்ரீபாதப் பாறை என்று பெயர். கன்னியாகுமரி அன்னை சிவபெருமானைக் கணவராக அடைய வேண்டி ஒற்றைக் காலில் நின்று தவமியற்றிய இடம் அது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அப்பாறையின் மேற்பரப்பில், பாதத்தின் வடிவில், சுற்றியுள்ள கல்லினின்றும் நிறம் வேறுபட்டுச் சற்றே பழுப்பேறிய ஒரு தடம் காணப்படுகிறது. அதுவே அன்னையின் திருவடித் தடம். 1892-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், பாரதம் முழுவதையும் காலால் நடந்து அளந்து வந்த ஓர் இளந்துறவி, கரையில் அன்னையை வணங்கிவிட்டு, படகுக்குக் கொடுக்கக் காசில்லாமல் அலைகளில் நீந்திச் சென்று அப்பாறையின் மீது மூன்று நாள் தியானத்தில் அமர்ந்தார் என்பர். அவரே சுவாமி விவேகானந்தர். இந்நாட்டின் ஏழை எளியோரை எழுப்புவதற்கு என்ன செய்வது என்ற வினாவுக்கு அங்கேதான் விடை கண்டதாக, 1894-இல் அமெரிக்காவிலிருந்து தம் சகோதரத் துறவி ஒருவருக்கு வரைந்த மடலில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

சுவாமிகளின் நூற்றாண்டு 1963-இல் நிறைவுறும் தறுவாயில், அப்பாறையில் ஒரு நினைவுச் சின்னம் அமைய வேண்டும் என்ற எண்ணம் அன்பர்களிடையே எழுந்தது. எண்ணம் எழுவது எளிது. திருப்பணிக் குழுவில் ஒரு முறையேனும் அமர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு நடப்பது தெரியும். இடத்துக்கு வேறு உரிமை கோருவோர் வந்தனர். கரையோரத்துக் கத்தோலிக்க மீனவப் பெருமக்களுள் சிலர், அப்பாறை தம் சமயப் பெரியார் ஒருவரின் நினைவோடு தொடர்புடையது என்று கருதினர். ஒரு பக்கம் சிலுவை நாட்டுவதும், மறுபக்கம் அதனை எதிர்ப்பதுமாகச் சச்சரவு வளர்ந்தது. 1963 ஜனவரியில் சுவாமிகளின் பெயரால் பாறையில் பதித்த கல்வெட்டுப் பலகை, அவ்வாண்டு மே மாதத்தில் உடைத்தெறியப்பட்டது. பாறையில் காவல் போட வேண்டியதாயிற்று. சென்னை அரசோ, அமைதிக்குப் பங்கம் நேருமென்று தயங்கியது. மத்திய அரசில் பண்பாட்டுத் துறையைக் கவனித்த ஹுமாயூன் கபீர் அவர்கள், கட்டடம் எழுந்தால் பாறையின் இயற்கை எழில் கெடும் என்று கருத்துரைத்தார். இந்தக் கடைசி ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கடல் நடுவே வெறும் பாறையாய்க் கிடப்பதிலும் ஓர் அழகுண்டு. அதன்மேல் எழுப்பும் கட்டடம் அவ்வழகுக்குக் குறைவு செய்யுமானால் எழுப்பாதிருப்பதே மேல். பின்னால் வந்த ஸ்தபதியின் தலையில் ஏறிய முதற் சுமை இதுதான்.

அவ்வேளையில் நினைவுச் சின்னக் குழுவின் அமைப்புச் செயலாளர் பொறுப்பை ஏற்றவர் மராட்டிய நாட்டவரான ஏகநாத் ரானடே அவர்கள். குழுவின் தலைவராய் இருந்தவர் கேரளத்துப் பெரியார் மன்னத்து பத்மநாபன். ரானடே சிற்பியும் அல்லர், பொறியியல் கற்றவரும் அல்லர். மனிதர்களை ஒன்று சேர்ப்பது ஒன்றே அவர் கற்ற கலை. சண்டைக்குச் சண்டை என்ற வழியை அவர் நாடவில்லை. தில்லிக்குச் சென்று, கட்சி வேறுபாடு பாராமல் ஒவ்வொருவராகக் கண்டு, 1963 டிசம்பரில் மூன்றே நாட்களில் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களின் கையொப்பத்தைப் பெற்றார். லால் பகதூர் சாஸ்திரி அவர்களின் நல்லெண்ணமும் இதற்குத் துணை நின்றது. ஒரே விண்ணப்பத்தில் இத்தனை பேர் ஒப்பமிட்டது கண்டபின் எதிர்ப்பு தானே தணிந்தது.

ஆயினும் அனுமதி என்ற கதவு முழுவதும் திறக்கவில்லை. அப்போதைய முதலமைச்சர் பக்தவத்சலம் அவர்கள், 15 அடிக்கு 15 அடி அளவில் ஒரு சிறு மண்டபம் அமைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு இசைந்தார். அலை வீசும் அப்பெரும் பாறையின் மீது பதினைந்தடி மண்டபம் என்பது யானையின் முதுகில் வைத்த சுண்டுவிரல் விளக்கைப் போன்றது. கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கே தோன்றாது. எனவே எது தகும், எவ்வளவு தகும் என்பதைத் தீர்மானிக்கச் சாஸ்திரமும் அறிந்து, உலகியலும் அறிந்த ஒரு பெரியவர் வேண்டியிருந்தது. காஞ்சி காமகோடி பீடாதிபதி ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளின் திருமுன் இந்த வழக்குச் சென்றது. ஸ்தபதி எஸ். கே. ஆசாரி அவர்கள் வரைந்த படத்தை ஆசாரிய சுவாமிகள் பார்த்து, ஆராய்ந்து, ஒப்புதல் வழங்கினார்கள். சுவாமிகளிடத்தில் மிகுந்த மதிப்புக் கொண்டிருந்த முதலமைச்சர், அதன்பின் மறுப்புரைக்கவில்லை. பதினைந்து அடி சதுரம், 130 அடி நீளமும் 56 அடி அகலமும் கொண்ட மண்டபமாக விரிந்தது.

இங்கே சிற்ப நூலார் வகுத்த ஒரு வகுப்பை நினைவுகூர்தல் தகும். கட்டடக் கலைஞரை மயமதமும் மானசாரமும் நான்காகப் பகுக்கின்றன. முழுமையையும் உள்ளத்தில் கண்டு வகுப்பவன் ஸ்தபதி. ஸ்தபதியின் எண்ணத்தை நூல் பிடித்து அளவாக்கித் தருபவன் சூத்திரகிராகி; இவன் ஸ்தபதியின் மகனாகவோ மாணவனாகவோ இருத்தல் வேண்டும் என்பர். அளவுக்கு இசையக் கல்லையும் மரத்தையும் செதுக்குபவன் தட்சகன். செதுக்கியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்துபவன் வர்த்தகி. நால்வரும் ஒருவரையொருவர் வேண்டி நிற்பவர். நூல் பிடிப்பவன் ஒரு விரற்கடை தவறினால் ஸ்தபதியின் கனவு கோணுகிறது. செதுக்குபவன் ஒரு நெல்லளவு மிகையாகக் கொத்தினால் பொருத்துபவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். நூலாசிரியர்கள் இந்நால்வரோடு நிறுத்தவில்லை. பொருள் தந்து பணி செய்விக்கும் எசமானனையும் கருத்தில் வைத்தே கோயிலளவைச் சொன்னார்கள். குமரிப் பாறையில் அந்த எசமானன் யார் என்பது சுவையான செய்தி. அதனைச் சிறிது பொறுத்துக் காண்போர்க்குப் பணியின் அருமை முதலில் விளங்க வேண்டும்.

1964-இல் வேலை தொடங்கியது. நிலத்தில் கட்டும்போது கல் வண்டியில் வருகிறது, வண்டி நிற்கிறது, கல் இறங்குகிறது. கடலில் கட்டும்போது கல் வருவதற்கு முன் துறை வேண்டும். கரையில் ஒரு துறை, பாறையில் ஒரு துறை, இரண்டுக்கும் இடையே சுமை தாங்கும் மிதவைகள், அவற்றைச் செலுத்த அலையின் போக்கறிந்த ஆட்கள் வேண்டும். குமரிக் கடல் வருடம் முழுவதும் ஒரே முகம் காட்டுவதன்று. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அலை பாறையின் மேல் ஏறிச் சிதறும். அப்போது மிதவையிலிருந்து ஒரு பாளக் கல்லை எடுத்துப் பாறையில் வைப்பதென்பது உயிரைப் பணயம் வைக்கும் செயல். மிதவை ஏறும் கணத்தில் கல் தூக்கப்பட வேண்டும். இறங்கும் கணத்தில் தூக்கினால் சங்கிலி இறுகி எல்லாம் கவிழும். குடிநீரும் கரையிலிருந்துதான் வரவேண்டும். சாந்து குழைக்க உப்பு நீர் ஆகாது என்பதால் அதற்குரிய நல்ல நீரும் கரையிலிருந்தே வந்தாக வேண்டும். உளியைக் காய்ச்சி அடித்துத் தர உலைக்களம் வேண்டும். அதற்கு வேண்டிய கரியும் கடல் கடந்துதான் வர வேண்டும்.

கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்னும். கல்லுக்குள் புதைத்த இரும்பு துருப்பிடித்தால் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். ஆகவே கடலோரத்தில் கல்லைக் கல்லாலேயே கட்டும் பழைய முறைக்கு மதிப்பு மிகுதி. ஒரு கல்லில் நாக்கும் மறு கல்லில் பள்ளமும் வெட்டிக் கோத்து, தன் பாரத்தாலேயே ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கச் செய்யும் முறை அது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த இராசசிம்ம பல்லவனின் சிற்பிகள் அறிந்திருந்த அதே வித்தையே இங்கும் துணை நின்றது. கரையிலேயே கற்களை அளவாக வெட்டிச் செப்பனிட்டு, இன்ன வரியில் இன்ன கல் என்று அடையாளமிட்டு அனுப்பினால்தான் பாறையில் குழப்பமின்றி வேலை நடக்கும். அடையாளம் மாறிய ஒரு கல்லைத் திருப்பி அனுப்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். கடல் கொந்தளித்தால் ஒரு வாரமும் போய்விடும்.

ஏறத்தாழ 650 தொழிலாளர் ஆறு ஆண்டுகள் உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இதைச் சொல்லும்போது, நம் ஊர்க் கோயில்களில் ஒரு குழல் விளக்கை உபயம் செய்துவிட்டு, விளக்கின் வெளிச்சம் முழுவதும் மறையும்படி தம் பெயரை அதன்மேல் எழுதிவைக்கும் அன்பர்கள் நினைவுக்கு வந்தால் அது சொற்பொழிவின் குற்றமன்று. பெயர் பொறிப்பது பாவமல்ல. இராசராசன் பெருவுடையார் கோயில் கல்லில் தன் தமக்கை கொடுத்ததையும் பெண்டிர் கொடுத்ததையும் பிறர் கொடுத்ததையும் பொறித்தான். அவன் விளக்கை மறைத்துப் பொறிக்கவில்லை, அவ்வளவே.

இனி எசமானனைப் பற்றிக் காண்போம். மண்டபத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ ரூ. 1.35 கோடி. அக்காலத்தில் அது மலைபோன்ற தொகை. ஒரு பெருஞ்செல்வர் முன்வந்து முழுவதையும் தந்திருந்தால் பணி விரைந்து முடிந்திருக்கும். மத்திய அரசும் மாநில அரசுகளும் உதவியது உண்மை. ஆனால் ரானடே அவர்கள் வேண்டுமென்றே ஊர் ஊராகத் தொண்டர்களை அனுப்பி, ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்று திரட்டச் செய்தார். அவ்வாறு சிறு தொகை ஈந்தவர் 30 இலட்சம் பேர் வரை ஆயினர். பள்ளிப் பிள்ளைகளும், கூலி வேலை செய்வோரும், குமரிமுனையை வாழ்நாளில் காணவே போகாத வடபுலத்துச் சிற்றூரார்களும் அவர்களுள் அடங்குவர். ஒரு ரூபாய் தண்டுவதற்கு ஆகும் அலைச்சலைக் கணக்கிட்டால் வரவைவிடச் செலவே மிகும் என்று கணக்கர் சொல்லக்கூடும். கணக்கர் சொல்வதும் பொய்யில்லை. எனினும் எதிர்ப்பும் பூசலுமாய்த் தொடங்கிய ஒரு பணி, பின்னர் நாட்டில் எவராலும் தனதல்ல என்று சொல்ல முடியாத பணியாக மாறியதற்கு அந்த ஒரு ரூபாயே காரணம்.

அமைப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலர் படகில் சென்று இறங்கி, படம் பிடித்துக்கொண்டு, கால்மணி நேரத்தில் திரும்பி விடுகின்றனர். பாறையில் இரண்டு மண்டபங்கள் உள்ளன. அன்னையின் திருவடித் தடத்தைச் சூழ்ந்து எழுந்தது ஸ்ரீபாத மண்டபம். கருவறை, உட்பிராகாரம், வெளிப்பிராகாரம் என்று கோயில் முறை பிறழாமல் அது அமைந்திருக்கிறது. மற்றொன்று விவேகானந்த மண்டபம். முக மண்டபம், சுவாமிகளின் திருவுருவம் நிற்கும் சபா மண்டபம், அதற்கப்பால் தியான மண்டபம் என்று அது விரிகிறது. முகப்பின் வளைவு அஜந்தா, எல்லோராக் குகைகளின் வாயிலை நினைவூட்டும். மேலெழும் விமானத்தில் வங்கத்துப் பேலூர் மடத்து ஸ்ரீ ராமகிருஷ்ணர் ஆலயத்தின் சாயல் தோன்றும். கால்களும் அடித்தளமும் தென்னாட்டுக் கற்றளி மரபு. நீலமும் செம்மையும் கலந்த கருங்கற்கள், கடல் ஒளி படுந்தோறும் நிறம் மாறிக் காட்டும்.

பல நாட்டுப் பாணிகளை ஒன்றாய்க் கலப்பது அபாயமான வேலை. சமையலில் எல்லாச் சுவையையும் ஒரே பாத்திரத்தில் இட்டால் ஒன்றுமே விளங்காது போவதுண்டு. இக்கலப்பு பொருந்தியிருப்பதற்குக் காரணம் கட்டடத்தின் அளவு. எந்தப் பகுதியும் மற்றதை அமுக்கவில்லை. பாறையின் உயரத்தையும் பரப்பையும் கண்ணால் அளந்து, அதற்குமேல் ஓங்காமல் விமானம் நின்றுவிடுகிறது. இயற்கை எழில் கெடும் என்று முதலில் எழுந்த ஆட்சேபத்துக்கு ஸ்தபதி ஆசாரி வாயால் விடை சொன்னாரோ இல்லையோ, கல்லால் விடை சொல்லிவிட்டார்.

சுவாமிகளின் திருவுருவம் வெண்கல வார்ப்பு. அதனை உருவாக்கியவர் பம்பாயைச் சேர்ந்த சிற்பி சோனவடேகர். வார்ப்பவர் மேற்கே இருக்கிறார். மண்டபம் தெற்கே எழுகிறது. இரண்டும் ஒருநாள் சந்திக்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் வைத்தார்கள். நின்ற கோலத்தில் உள்ள சுவாமிகளின் பார்வை நேரே சென்று எதிரே உள்ள ஸ்ரீபாதத்தின் மீது படியுமாறு இரு மண்டபங்களும் அமைந்திருக்கின்றன. தளத்தின் உயரம், பீடத்தின் உயரம், திருவுருவத்தின் உயரம், கழுத்தின் நிலை, கண்ணின் சாய்வு, வாயிலின் அகலம், எதிர் மண்டபத்துத் தடத்தின் இடம் ஆகிய அத்தனையும் ஒரே நேர்கோட்டில் பொருந்தினாலன்றி இது வாய்க்காது. சூத்திரகிராகியின் நூல் ஓடிய ஓட்டம் அந்தப் பார்வையில்தான் தெரிகிறது. மேலும் ஒரு குறிப்பு இதில் உண்டு. மண்டபம் சுவாமிகளின் பெயரால் எழுந்தது. ஆனால் அங்கே அவர் நிற்பது மூலவராக அன்று, அன்னையின் திருவடியை நோக்கி நிற்கும் அடியாராகவே நிற்கிறார். பாறையின் பழம்பெருமைக்கு ஊறு நேராமல் புதுப் பெருமையைச் சேர்த்த பாங்கு போற்றத்தக்கது.

1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், ராமகிருஷ்ண மடத்தின் தலைவர் சுவாமி வீரேசுவரானந்தர் பிரதிஷ்டை செய்ய, குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அவர்கள் மண்டபத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்கள் விழாவுக்குத் தலைமை தாங்கினார்கள். ஒரு முதலமைச்சர் காலத்தில் அனுமதி பெற்று, மற்றொருவர் காலத்தில் வளர்ந்து, வேறொருவர் காலத்தில் நிறைவெய்திய பணி அது. ஆட்சிகள் மாறின, கொள்கைகள் மாறின, பாறையில் உளியின் ஓசை மட்டும் மாறவில்லை.

பக்கத்துப் பாறையின் வரலாறு வேறு. அங்கே திருவள்ளுவப் பெருந்தகைக்கு ஒரு சிலை எடுக்க வேண்டும் என்று 1979-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அவர்கள் அடிக்கல் நாட்டினார்கள். அடிக்கல் பல ஆண்டு அடிக்கல்லாகவே இருந்தது. 1990-இல் வேலை தொடங்கி, இடையே தடைப்பட்டு, மீண்டும் எழுந்து, 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சிலை திறக்கப்பெற்றது. வகுத்தவர் ஸ்தபதி கணபதி அவர்கள். பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த சிற்ப மரபில் வந்து, மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் முதல்வராய் நெடுநாள் விளங்கிய பெருமகனார். உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் முப்பத்தெட்டு. அதன்மேல் நிற்கும் திருமேனி 95 அடி. பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து தொண்ணூற்றைந்து. அறத்தின் மீது பொருளும் இன்பமும் நிற்கின்றன என்ற கருத்து அளவாகவே மாறிவிட்டது. பீடத்தைச் சூழ்ந்த அலங்கார மண்டபத்தில் பத்து யானைகள் நிற்கின்றன. எண்திசையோடு மேலும் கீழும் சேர்த்துப் பத்து.

இவ்வளவு உயரத்தில் நேராக ஒரு தூண்போல் நிறுத்துவதே அரிது. ஸ்தபதியோ இடையில் சற்றே ஒசிந்து நிற்கும் கோலத்தை விரும்பினார். நடராசர் திருமேனியின் வளைவை அறிந்த கண்ணுக்கு நிமிர்ந்த தூண் உயிரற்றதாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் வெண்கலத்தில் வளைவது எளிது. 7,000 டன் கல் வளைந்து நிற்பதும், அதுவும் கடற்காற்றின் நடுவே நிற்பதும் எளிதா? முதலில் மரத்தால் ஒரு மாதிரி உருவம் செய்து பார்த்தனர். உருவத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் உள் வெளியைக் காயமத்திய சூத்திரம் என்று சிற்பிகள் வழங்குவர். அந்த நடுக்கோட்டைக் கண்டறிந்து, அதைச் சுற்றிப் பாரம் சமமாக இறங்கும்படி, சிலையின் உட்புறத்தை வெற்றிடமாக விட்டுக் கற்களை அடுக்கினர். வெளியே காண்பது வள்ளுவர் திருமேனி. உள்ளே இருப்பது ஒரு கோபுரம் என்றே சொல்லலாம்.

கற்கள் 3,681. அவற்றுட் பல மூன்று டன் முதல் எட்டு டன் வரை நிறையுள்ளவை. மிகப் பெரியது 15 டன். கன்னியாகுமரி, அம்பாசமுத்திரம், சங்கராபுரம் என மூன்று இடங்களில் பட்டறைகள் நடந்தன. ஏறத்தாழ 150 சிற்பிகளும் உதவியாளரும் பணியாற்றினர். இங்கே ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். அம்பாசமுத்திரத்தில் ஒருவர் ஒரு கல்லைச் செதுக்குகிறார். அது தோளின் ஒரு துண்டா, மடிப்பின் ஒரு துண்டா என்பது வரைபடத்தில்தான் தெரியும். அவர் கையில் இருப்பது வடிவம் விளங்காத ஒரு பாறைத் துண்டு. அதனோடு பொருந்த வேண்டிய மற்றத் துண்டு வேறோர் ஊரில் வேறொருவர் கையில் இருக்கிறது. இருவரும் சந்திப்பதில்லை. துண்டுகள் மட்டும் கடல் நடுவே, நூறடி உயரத்தில், ஒரு மயிரிழை பிசகாமல் சந்திக்க வேண்டும். தம் வேலையின் முழு உருவைச் சாரம் பிரித்த பிறகே அவர்களும் மற்றவர்களைப் போலக் கீழே நின்று கண்டனர்.

சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். அதற்கென்று 18,000 சவுக்குக் கழிகளைக் கட்டினர். கயிறு மட்டும் இரண்டு லாரிச் சுமை. இரும்புச் சாரம் கிடைக்காத காலமன்று அது. நம் கோபுரத் திருப்பணிகளில் தொன்றுதொட்டு வரும் கழிச் சாரம் காற்றுக்கு வளைந்து கொடுக்கும். எங்கே வேண்டுமோ அங்கே அவிழ்த்து மாற்றிக் கட்டலாம். சிலை முடிந்தபின் அச்சாரத்தைப் பிரிப்பதும் ஒரு தனிப் பணியாகவே நடந்தது. சாரம் கட்டுவோரின் பெயர் எந்தத் திருப்பணி மலரிலும் இடம் பெறுவதில்லை. கலசத்துக்குத் தீர்த்தம் ஏந்திச் செல்லும் சிவாசாரியார் கால் வைப்பது அவர்கள் கட்டிய கழியின் மீதுதான்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆழிப் பேரலை எழுந்து அக்கரைகளைத் தாக்கியது. குமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. ஸ்ரீபாதப் பாறையில் இருந்த யாத்திரிகர்கள் கரை திரும்ப வழியின்றிச் சிக்கிப் பின்னர் மீட்கப்பட்டனர். மண்டபமும் வள்ளுவர் திருமேனியும் அசையாது நின்றன. முப்பதாண்டுகளுக்கு மேல் உப்புக் காற்றில் நின்ற பொருத்துகள் ஒருபுறம். ஐந்தாண்டே நிரம்பாத பொருத்துகள் மறுபுறம். இரண்டையும் ஒரே அலை ஒரே நாளில் சோதித்துச் சென்றது. ஸ்தபதி கணபதி அவர்கள் அப்போது உயிருடன் இருந்தார்கள், 2011-இல் மறைந்தார்கள். ரானடே அவர்கள் 1982-லேயே மறைந்துவிட்டார்கள்.

நெடுங்காலம் இரு பாறைகளும் அருகருகே இருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகப் படகே வழியாயிருந்தது. கடல் சினந்த நாட்களில் மண்டபத்துக்குப் படகு சென்றாலும் சிலைக்குச் செல்லாது திரும்பியதுண்டு. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ரூ. 37 கோடிச் செலவில், 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கண்ணாடித் தளப் பாலம் ஒன்று இரண்டையும் இணைத்தது. நடப்போர் காலடியில் அலை புரள்வதைக் காணலாம். அஞ்சுவோர் ஓரத்தில் ஒதுங்கிச் செல்கின்றனர். சிறுவர்கள் நடுவே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கின்றனர்.

இப்போது வாவத்துறைக் கரையில் படகேறும் அடியார் பாறையில் இறங்கி, ஸ்ரீபாத மண்டபத்துள் சென்று அன்னையின் திருவடித் தடத்தை வணங்குகிறார். பின் வெளியே வந்து எதிரே படியேறினால், வாயிலின் ஊடாகச் சுவாமிகளின் வெண்கல விழிகள், தாம் இப்போதுதான் வணங்கிவிட்டு வந்த இடத்தையே நோக்கிக்கொண்டிருப்பதைக் காண்கிறார்.